பிரேக் ஆயில் எது என்று கேட்டாய்

ஐயா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. புது வேன் வந்துவிட்டது என்றாய். வெள்ளை நிறம், பன்னிரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம் என்றாய். உன் மனைவி நடத்தும் தாடிக்கா பாலர் பள்ளிக்கு அடுத்த மாதத்திலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க நீயே பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போவதாகச் சொன்னாய். நான் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நீ, "ம்மா, பிரேக் ஆயில் எது ஊத்துறது? கடையில நாலஞ்சு வகை வச்சிருக்கான்" என்று கேட்டாய். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. "புக்குல போட்டிருப்பான் பாருடா, அம்மாவுக்கு என்னா தெரியும் லா" என்று அப்பா உன்னிடம் சொல்வது கேட்டது.

எனக்குத் தெரியும், ஐயா. முப்பது வருடம் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய உன் அப்பாவுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும். அது எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் நீ கேட்டதற்குப் பதில். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எந்த வகை என்று அச்சடித்திருக்கும். டாட் 3 என்று இருந்தால் டாட் 3தான். கடைக்காரன் என்ன சொன்னாலும் அந்த மூடியில் உள்ளதை மட்டும் கேள். புதிதாகச் சீல் உடைத்த புட்டியிலிருந்து மட்டும் ஊற்று. மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடு, அடுத்த தடவைக்கு என்று வைக்காதே. அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஈரத்தைத்தான் உனக்குத் தெரியுமே. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிடு. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அந்த எண்ணெய் குறைந்திருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடாதே. ஏன் குறைந்தது என்று முதலில் பார். ஒன்று பிரேக் கட்டை தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கேயோ ஒழுக வேண்டும். அந்தக் காரணம் தெரியாமல் ஒரு பிள்ளையைக்கூட வேனில் ஏற்றாதே.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் ஆயிலுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கு. புது இஞ்சினுக்கு முதல் தடவை கொஞ்சம் சீக்கிரமே மாற்றிவிடு. ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் வாங்கி ஊற்று. முன்பு ஒரு முறை பத்துமலைக்குப் போகும் வழியில் நம் பழைய வேன் கொதித்து நின்றதே, அப்பா துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டாரே, அன்றைக்கு உள்ளேயிருந்து பொங்கி வந்தது துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர். இரண்டு வருடமாக வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றியது. இஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதே, யார் அவசரப்படுத்தினாலும் தொடாதே. பேட்டரிக்கு அதற்கென்று விற்கும் தண்ணீர். ஆட்டோ கியருக்கும் ஸ்டீயரிங்குக்கும் சிவப்பு எண்ணெய். பார்க்க அழகாக இருக்கும், சர்பத் நிறம். அதை அதன் இடத்தைத் தவிர வேறு எங்கும் ஊற்றக் கூடாது.

இதையெல்லாம் நான் பெட்ரோல் ஸ்டேஷன்களில் நின்று படித்தேன். பல வருடங்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கடைக்குள் போய், ஒவ்வொரு புட்டியாக எடுத்து, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பேன். கடையில் இருந்த மலாய்ப் பையன் ஒரு நாள், "ஆன்டி, கார் என்ன கார்?" என்று கேட்டான். கார் இல்லை என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அப்போது நான் வேன் ஓட்டுவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. பயம்தான் படிக்க வைத்தது. நடந்துபோனதை எந்தப் புட்டியாலும் மாற்ற முடியாது என்று தெரிந்தும் படித்தேன்.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் கேட்கப் பயந்தேன். அப்போது உனக்கு எட்டு வயது. கிள்ளானில் நான் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெண் ஒருத்தி வேன் ஓட்டுகிறாள் என்று முதலில் ஒரு மாதிரிப் பேசியவர்கள்கூட, பெண் ஓட்டுவதுதான் பத்திரம் என்று பிறகு பெண்பிள்ளைகளை என் வேனில் சேர்த்தார்கள். உன்னோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள். வேனுக்கு எது என்றாலும் வீரையாவிடம்தான் போவோம். நம் வீட்டிலிருந்து நாலாவது சந்தில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தாரே, அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், என்னை அக்கா என்பார். அந்தத் தீபாவளிக்கு முன்பு பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அவரிடம் விட்டேன். பார்த்துவிட்டேன் அக்கா, ஓட்டுங்க என்று கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், அப்பா சொல்லிக் கொடுத்திருந்தபடி, டேஷ்போர்டு ஓரத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்து பிரேக் ஆயிலைப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. அப்பா லோரியில் ஜொகூர் போயிருந்தார். பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். வீரையா அந்நேரத்துக்குப் பட்டறையைத் திறந்திருக்க மாட்டார். வீட்டு முன் போர்ச்சில் இருந்த அலமாரியில் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த எண்ணெய்கள் இருந்தன. சோயா சாஸ் தீர்ந்த ஒரு கிச்சாப் புட்டியில் பாதி அளவுக்குச் சிவப்பு எண்ணெய். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நினைத்தேன். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு பக்கத்தில் நின்றாய். "சிந்திரும்மா" என்று சொல்லி, பழைய பேப்பர் ஒன்றை எடுத்துப் புனல் மாதிரி சுருட்டிக் கொடுத்தாய். நான் ஊற்றினேன். மேல்கோடு வரை வந்தது. மூடியை மூடிவிட்டு, உன் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரன்" என்றேன்.

ஐயா, இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. அந்தப் புனலுக்கும் பின்னால் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புனல் இல்லாவிட்டாலும் நான் ஊற்றியிருப்பேன். அதை நீ உன் தப்பு என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டாயோ என்பதுதான் இத்தனை வருடத்தில் என் பெரிய பயம். எனக்குப் போலீஸ் பயம் போய்விட்டது. ஊர் பயம் போய்விட்டது. இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேனை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. பிரேக் மிதி கல் மாதிரி இருந்தது. மதியம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரப்பர் கருகுகிற நாற்றம். கோமதிதான், "ஆன்டி, என்னமோ நாறுது" என்றாள். அவளுக்குப் பத்து வயது. இரட்டைப் பின்னல் போட்டு, எப்போதும் கதவோரத்தில் உட்காருவாள். வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன். ரயில் பாதையை நோக்கி அந்தச் சாலை இறங்கும், உனக்குத் தெரியும். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து கூட்ஸ் ரயில் வந்துகொண்டிருந்தது. மிதித்தேன். மிதி அப்படியே தரை வரைக்கும் போனது. காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், வேகம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ரயிலின் சத்தம் வேனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுவதும் ஒடித்தேன். வேன் சாலையை விட்டு இறங்கி, பெரிய சாக்கடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரயில் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பெட்டிகள். அது போய் முடியும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்பது பேரும் இருந்தீர்கள். கோமதியின் வலது முழங்கை உடைந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. உனக்கு உதட்டில் ரத்தம். கிளினிக்கில் உன் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே நான் உன் காதில் என்ன சொன்னேன் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "காலையில எண்ணெய் ஊத்துனத யாருகிட்டயும் சொல்லாத ஐயா. சொன்னா அம்மாவ போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்." எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு அந்த எண்ணெய் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதம் படுக்கையை நனைத்தாய். டாக்டர் பயம் என்றார். என்ன பயம் என்று எனக்குத்தான் தெரியும்.

பெற்றோர்கள் வந்து கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. "பிரேக் புடிக்கல. போன வாரம்தான் வீரையா பிரேக் வேலை பாத்தாரு" என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நான் செய்தது. மிச்சத்தை ஊர் செய்தது. ஜொகூரிலிருந்து திரும்பிய அப்பா நேராகப் பட்டறைக்குப் போய் வீரையாவின் சட்டையைப் பிடித்தார். கோமதியின் அம்மா அவர் வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தார். மறுநாள் வீரையா நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "அக்கா, நீங்க எதாச்சும் ஊத்துனீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல தம்பி" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். அவரிடம் யாரும் வண்டி விடவில்லை. அடுத்த வருடம் பட்டறையை மூடிவிட்டு ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கோமதியின் கை கூடியது, ஆனால் நேராகவில்லை. இன்றைக்கும் பாசார் சந்தையில் அவள் கூடையை இடது கையில்தான் தூக்குகிறாள். அவளைத் தூரத்தில் பார்த்தாலே நான் மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

நீ போனில் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடியும் ஒரு வேன், மறுபடியும் பிள்ளைகள், என் வாயிலோ அதே பொய். வியாழக்கிழமை காலை, கோலாலம்பூரில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். நடுவில் மாறி, ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்து ஸ்டேஷனான செர்டாங்கில் இறங்கி, டாக்சிக்காரரிடம் விசாரித்து விசாரித்துப் போனேன். அடுத்தடுத்துப் பட்டறைகள் இருந்த ஒரு வரிசையில் கடைசிப் பட்டறை. வீரையாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தவர், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"என்னத் தெரியுதா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னா. கிள்ளான் வேன் அக்கா" என்று சொல்லி, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். "அன்னிக்குப் பிரேக் ஆயில்ல செவப்பு எண்ணெய் ஊத்துனது நான்தான் தம்பி. நீங்க வந்து கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

அவர் கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும் அக்கா. சாக்கடையிலேருந்து எடுத்த வேன்ல பிரேக் மாஸ்டர் பம்ப கழட்டுனப்பவே தெரியும். ரப்பர்லாம் ஊறி உப்பிக் கெடந்துச்சி. பிரேக் விடாம புடிச்சி, அந்தச் சூட்டுல எண்ணெய் கொதிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் சொல்லல? ஊரே உங்களத்தான பேசுச்சி. இவரு உங்க சட்டைய வேற புடிச்சாரு."

"அக்கா," என்றார், "எண்ணெய் ஏன் கொறஞ்சிச்சினு நீங்க ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?"

நான் யோசித்ததில்லை, ஐயா. அத்தனை புட்டிகளைப் படித்தேன். எண்ணெய் குறைந்தால் காரணம் இருக்கும் என்று அவற்றிலிருந்துதான் கற்றேன். ஆனால் என் வேனில் ஏன் குறைந்தது என்று அவரைப் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தப்பு அவ்வளவு பெரிதாக என் கண்ணை மறைத்திருந்தது.

அவர் சொன்னார். "பின்சக்கரத்துல ஒழுகிக்கிட்டு இருந்துச்சி. நீங்க விட்டப்பவே பாத்தேன். புது ரப்பர் வாங்க கோலாலம்பூர் போகணும். தீபாவளி நேரம், வேல குமிஞ்சி கெடந்துச்சி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு பழசையே தொடச்சி மாட்டிட்டேன். உங்ககிட்டயும் சொல்லல. நீங்க ஊத்துனத நான் வெளிய சொன்னா, ஏன் கொறஞ்சிச்சினு கேப்பாங்கல்ல. நீங்க சொல்லிருவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். நான் சொல்லிருவேன்னு நீங்க பயந்திருக்கீங்க." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வரவழைத்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஒரு லேசான நிம்மதி வந்தது. பாதி அவர் தப்பு, பாதிதான் என் தப்பு என்று மனசு கணக்குப் போட்டது. சுபாங் வருவதற்குள் அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைத்ததும் எவ்வளவு சீக்கிரம் லேசாகிவிட்டேன். ஒழுகியது அவர் கையால், சரி. புட்டியைத் திறந்தது என் கை. நாற்றம் வந்தபோது குப்பை கொளுத்துகிறார்கள் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னது என் வாய். காலையிலேயே மிதி சரியில்லை என்று தெரிந்தும் ஓட்டினேன். நீயும் வேன் ஓட்டப்போகிறாய் என்பதால் சொல்கிறேன். மிதி சரியில்லை என்று கால் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடு. பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனால் போகட்டும். பெற்றோர்கள் ஏசினால் ஏசட்டும்.

முந்தாநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் போய் அந்த ஆளு சட்டையப் புடிச்சேனே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். நீ போன் பண்ணி அவரைச் சமாதானப்படுத்தாதே. அவர் எவ்வளவு நாள் பேசாமல் இருக்க நினைக்கிறாரோ, இருக்கட்டும்.

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது வீரையாவிடம், "கோமதி அம்மாகிட்ட ரெண்டு பேருமா போய்ச் சொல்லிருவோமா தம்பி?" என்று கேட்டேன். வெளியே வந்து டாக்சி பிடித்துக் கொடுத்தார். கதவைச் சாத்தும் முன்பு, "ஞாயித்துக்கெழம கடை லீவு. ஒம்பது மணிக்கு ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்றார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீ புது வேனை எடுத்துக்கொண்டு வா. ஒன்பது மணிக்கு செர்டாங் ஸ்டேஷன் வாசலில் வீரையா நிற்பார். வெள்ளைத் தலை, கொஞ்சம் கூன் விழுந்திருக்கும். அவரை முன்னால் உட்கார வை. வழியில் எதையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே. கிள்ளான் வந்து என்னை ஏற்றிக்கொள். தனியாகக் கோமதி வீட்டு வாசலுக்குப் போக எனக்குக் கால் வராது என்பதால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். மகன் கூட வந்தால் ஏச்சு குறையும் என்பதற்காக இல்லை. அந்த அம்மா கதவைத் திறக்காமல் போகலாம். திறந்து, தெருவே கூடும்படி கத்தலாம். கோமதி தன் கையைக் காட்டி ஏதாவது கேட்கலாம், அதற்கு என்னிடம் பதில் இருக்காது. எது நடந்தாலும் நீ எனக்காகப் பேசாதே, ஐயா.

ஆனால் உன்னைப் பார்த்து, "நீயும் அன்னிக்கு வேன்லதான இருந்த, உனக்குத் தெரியுமா?" என்று அவர்கள் கேட்டால், பார்த்ததை அப்படியே சொல். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாதே.

அம்மா